250 வாட் வண்டி 45-ல் பறக்குமா?

மின் ஸ்கூட்டரின் வேகத்தை நிர்ணயிப்பது எது? கடைக்காரர் சொல்லாத கணக்கு

மாலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஊர் டியூஷன் சென்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நம்பர் பிளேட் இல்லாத பேட்டரி ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஓட்டி வருவது எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை. பின்னால் தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருக்கும். ஹெல்மெட் கிடையாது. ‘லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம்’ என்ற கடை போர்டை நம்பி அப்பா அம்மா வாங்கிக் கொடுத்த வண்டி அது. ‘25 கிலோமீட்டருக்கு மேல போகாது சார்’ என்று கடைக்காரர் சொன்னதையும் சேர்த்தே நம்பியிருக்கிறார்கள்.

டியூஷன் முடிந்து அந்த வண்டிகள் கிளம்பும்போது, நீங்கள் பெட்ரோல் ஸ்கூட்டரில் 40 கி.மீ. வேகத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அவற்றில் சில உங்களை முந்திக்கொண்டு போகும்.

மின் ஸ்கூட்டர் எவ்வளவு வேகம் போகும் என்ற கேள்விக்கு இன்று ஒற்றைப் பதில் இல்லை. 25-ல் நிற்க வேண்டியதும் இருக்கிறது, 100-ஐத் தொடுவதும் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினைவிட மின் மோட்டார் சோப்ளாங்கி என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. சாலையில் ஓடும் வாகனம் ஒன்று முதன்முதலாக 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது 1899-ல். பிரான்ஸில் பெல்ஜியக்காரர் கமீய் ஜெனாட்ஸி ஓட்டிய அந்தக் கார் பேட்டரியில் ஓடியது. ஆகவே மோட்டாரின் திறமையில் சந்தேகமே வேண்டாம். நம் தெருவில் ஓடும் வண்டிக்கு எவ்வளவு வேகம் தரப்பட்டிருக்கிறது, அதைத் தாங்க அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சட்டம் சொல்லும் இரண்டு எண்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ‘30 நிமிடத் திறன்’ 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால், அந்த பேட்டரி வண்டி மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. அதனால்தான் லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் கேட்பதில்லை. ஐரோப்பாவில் பெடல் மிதிக்க உதவும் மின் சைக்கிளுக்கும் இதே 250 வாட், இதே 25 கி.மீ. எல்லைதான்.

250, 25 என்ற இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கின்றன. சமதளச் சாலையில் வண்டியைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, டயர் தரையில் உருளும்போது ஏற்படும் இழுவை. இது வண்டி, ஆள் இரண்டின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. மற்றொன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், காற்றைப் பிளக்க மட்டும் தேவைப்படும் பவர் எட்டு மடங்காகிவிடும்.

பேட்டரியோடும் ஆளோடும் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 270 வாட் வேண்டும். அதாவது 250 வாட் மோட்டார் சமதளத்தில் இயல்பாகவே 25-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். அதே வண்டி 45-ல் போக வேண்டுமென்றால்? ஏறக்குறைய 950 வாட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

பிள்ளைக்கு ‘250 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை வாங்கிக் கொடுத்த பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். சமதளத்தில், பின்காற்று இல்லாமல், அந்த வண்டி விடாமல் 45-ல் ஓடினால் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது. இதற்கு மீட்டர் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். மேம்பாலம் ஒன்று போதும். மேம்பாலத்தின் ஏற்றம் பொதுவாக 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் இருக்கும். நிஜமான 250 வாட் தொடர்ந்து கிடைத்தால் அந்த ஏற்றத்தில் வண்டி 12 கி.மீ. வேகத்துக்குத் திணறும். இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் 30-ல் ஏறும் வண்டிக்குள் வேறு ஏதோ வேலை நடந்திருக்கிறது.

‘30 நிமிடத் திறன்’ என்ற சொல்லில்தான் ஓட்டை. அரை மணி நேரம் தொடர்ந்து சூடேறாமல் தரக்கூடிய பவரைத்தான் அது குறிக்கிறது. சில விநாடிகளுக்கு அதே மோட்டார் அதைவிடப் பல மடங்கு தர முடியும். அதைத் தடுத்து வைப்பது கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. பெட்டியின் அமைப்பை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

சீட்டைத் தூக்கினால்

மலிவு விலை பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். கால் வைக்கும் பலகையின் அடியிலோ சீட்டுக்குக் கீழோ கறுப்பு நிறத்தில் செங்கல் போன்ற லெட்-ஆசிட் பேட்டரிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட். நான்கு இருந்தால் 48 வோல்ட், ஐந்து இருந்தால் 60, ஆறு இருந்தால் 72. சிவப்பு வயர் ஒரு பேட்டரியின் முனையிலிருந்து அடுத்ததன் முனைக்குத் தாவித் தாவிப் போகும். அதன் கடைசி முனை, விரல் நீளத் தகடுகள் வைத்த அலுமினியப் பெட்டிக்குள் நுழையும். அந்தப் பெட்டிதான் கன்ட்ரோலர். அதிலிருந்து தடிமனான மூன்று வயர்கள், மஞ்சள், பச்சை, நீலம், பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் மோட்டாருக்குப் போகும்.

‘ஒரு பேட்டரி கூடப் போட்டா ஸ்பீடு ஏறும்ணே’ என்று மெக்கானிக் கடையில் சொல்வது உண்மைதான். காரணம் எளிது. மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதே நேரத்தில் டைனமோவாகவும் வேலை செய்கிறது. பேட்டரி தரும் மின்னழுத்தத்துக்கு எதிராகத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அந்த எதிர் அழுத்தமும் கூடும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும்போது மோட்டாருக்குள் மேற்கொண்டு கரண்ட் போக முடியாது, வேகம் அங்கேயே நின்றுவிடும். அந்த எல்லையைத் தீர்மானிப்பது பேட்டரியின் வோல்டேஜ். 48-ஐ 60 ஆக்கினால் எல்லை கால் பங்கு மேலே போகும். கூடவே கன்ட்ரோலரில் வேகத்தைத் தடுத்து வைக்கும் ‘லாக்’கையும் எடுத்துவிட்டால் 25-ல் நிற்க வேண்டிய வண்டி 40-ஐத் தாண்டும்.

சார்ஜ் குறையும்போது வண்டி மெதுவாவதற்கும் இதுவே காரணம். நல்ல கம்பெனி வண்டிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. 14 செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரி முழு சார்ஜில் 58.8 வோல்ட் தரும். தீரும் தறுவாயில் 42 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். காலையில் 80-ஐத் தொட்ட வண்டி சாயங்காலம் வீடு திரும்பும்போது அதே வேகத்தைத் தர மறுப்பது இதனால்தான். மீதியிருக்கும் சார்ஜில் உங்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காக சாஃப்ட்வேரும் ஓர் அளவுக்குக் கீழே ஸ்போர்ட் மோடை எடுத்துவிட்டு எக்கோவுக்கு மாற்றிவிடும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடத் தேவையில்லை.

ஓசூர் வட்டாரம் கட்டும் வேகம்

நம்பர் பிளேட் போட்ட, முறையாகப் பதிவு செய்த மின் ஸ்கூட்டர்களுக்கு வருவோம். இந்தியாவில் இவற்றைச் செய்யும் முக்கியமான தொழிற்சாலைகள் பலவும் தமிழ்நாட்டில்தான். டி.வி.எஸ். ஐக்யூப் ஓசூரில் உருவாகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜியின் தொழிற்சாலையும் ஓசூரில்தான். ஓலாவின் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். ஆம்பியர் கோயம்புத்தூரில் பிறந்து ராணிப்பேட்டையில் ஆலை வைத்தது.

இவர்கள் அறிவிக்கும் எண்களை என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐக்யூபின் மோட்டார் உச்சத்தில் 4.4 கிலோவாட் தரும். அறிவித்திருக்கும் வேகம், மாடலைப் பொறுத்து 75 முதல் 82 கி.மீ. வண்டியும் ஆளும் 185 கிலோ என்று வைத்தால், 80-ல் போக சக்கரத்தில் தேவைப்படுவதும் சுமார் 4.4 கிலோவாட்தான். ஏத்தர் 450எக்ஸ் 6.4 கிலோவாட், 90 கி.மீ. கணக்கில் வருவது 6.1. 2024 ஜனவரியில் வந்த அதன் அபெக்ஸ் மாடல் 7 கிலோவாட் மோட்டாரோடு 100-ஐத் தொடுகிறது. அதற்கு மேலும் போகும் ஸ்கூட்டர்கள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் 80-லிருந்து ஒவ்வொரு பத்து கிலோமீட்டரையும் ஏற்ற எவ்வளவு பெரிய மோட்டார் தேவைப்படுகிறது என்று பாருங்கள். 40-ல் போகத் தேவைப்படுவது 800 வாட்டுக்கும் குறைவு. வேகத்தை இரட்டிப்பாக்க ஐந்தரை மடங்கு பவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதன் செலவு பேட்டரியில் தெரியும். 3 யூனிட் கொள்ளும் பேட்டரியை வைத்துக்கொண்டு நிற்காமல் 40-ல் போனால் என் கணக்கில் 130 கிலோமீட்டர் வரை போகலாம். நிற்காமல் 80-ல் போனால் 45 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ‘டாப் ஸ்பீடு’, அதே விளம்பரத்தில் வரும் ‘ரேஞ்ச்’ இரண்டையும் ஒரே பயணத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

இரண்டு பேர் ஏறினால் வேகம் குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சமதளத்தில் அப்படிப் பெரிதாகக் குறையாது. எடை கூடுவதால் டயர் இழுவை மட்டுமே கொஞ்சம் கூடும். 80 போகும் வண்டி 78 போகும். அடி வாங்குவது பிக்கப். சிக்னலில் கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான் இரண்டாவது ஆளின் எடை தெரியும். டயரில் காற்று குறைந்தாலும் பிரேக் ஷூ லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் இழுவை கூடும். மாதம் இரண்டு முறை காற்றுப் பிடிப்பதைவிட மலிவான வேக வைத்தியம் வேறில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று, கொல்லிமலை ஏற்றம், கத்திரி வெயில்

ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் பக்கம் ஸ்கூட்டரில் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது மேற்கிலிருந்து கணவாய் வழியே பாயும் காற்று. அது நேராக நெஞ்சில் அறையும். எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. என்று வையுங்கள். நீங்கள் 60-ல் போகிறீர்கள். சாலையைப் பொறுத்தவரை வேகம் 60, காற்றைப் பொறுத்தவரை 90. காற்றில்லாத நாளில் 60-ல் போக 2 கிலோவாட் போதுமாக இருந்த வண்டி இப்போது 4 கிலோவாட் கேட்கும். சாதாரண நாளில் 80 தொடும் 4.4 கிலோவாட் வண்டி அங்கே 62-ஐத் தாண்டாது. ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை திருகினாலும் தாண்டாது. சார்ஜும் இரட்டிப்பு வேகத்தில் இறங்கும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும். அப்போது அதே வண்டி புதிதாய் வாங்கியதுபோல ஓடும்.

மலைப்பாதையின் கணக்கு வேறு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையைப் போன்ற ஏற்றங்களில் காற்று முக்கியமல்ல, எடைதான் எல்லாம். இரண்டு பேரோடு, 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் பாதையில், 4.4 கிலோவாட் முழுசாகக் கிடைத்தால் 54 கி.மீ. வேகம் வரும். ஆனால் அது உச்சத் திறன், சில நிமிடங்களுக்கு மேல் மோட்டார் அதைத் தாங்காது. சூடு ஏறியதும் கன்ட்ரோலர் பவரைத் தானாகக் குறைக்கும். அதே ஐக்யூபின் தொடர்ந்து தரக்கூடிய திறன் 3 கிலோவாட். அந்தத் திறனில் 40-ஐ ஒட்டித்தான் ஏற முடியும். நிஜமான 250 வாட் வண்டியில் இரண்டு பேர் அந்த ஏற்றத்தில் போனால் இறங்கி நடப்பதே உத்தமம்.

மலையில் மின் வண்டிக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஊட்டியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை உறிஞ்சி எரிக்கும் பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். மின் மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. அடர்த்தி குறைந்த காற்று எதிர்ப்பும் குறைவாகத்தான் தரும். மார்கழி, தை விடியற்காலையில் மட்டும் லித்தியம் பேட்டரி குளிரில் மந்தமாக இருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாகிவிடும்.

சமவெளியின் எதிரி வெயில். கத்திரி நாளில் தார்ச்சாலை ஓரம் மதியம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியை எடுத்து உடனே முழு வேகத்தில் ஓட்டினால், பேட்டரி ஏற்கெனவே இருந்த சூட்டின் மேல் இன்னும் சூடாகும். பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட் அதைப் பார்த்து வேகத்தை மட்டுப்படுத்தும். 2022-ல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து, வேலூரில் உயிர்ப்பலியும் நடந்த பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. வண்டி தானாக வேகத்தைக் குறைத்தால் எரிச்சல்படாதீர்கள். அது உங்கள் உயிரைக் காப்பாற்றும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நிற்க வேண்டிய தூரம்

வேகத்தை ஏற்றுவதற்கு ஒரு பேட்டரியும் ஒரு வயரும் போதும். நிறுத்துவதற்கு அவை போதாது. 25-ல் போகும்போது குறுக்கே ஒரு நாய் வருகிறது. அதைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு விநாடி, அதற்குள் 7 மீட்டர். நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் 6 மீட்டர். மொத்தம் 13. அதே நிலைமை 45-ல் வந்தால் பிரேக் பிடிக்கும் முன்பே 12 மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 32. இதுவும் நல்ல பிரேக் இருந்தால்தான். பதிவு பெற்ற வண்டிகளில் முன், பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் அமைப்பையோ சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பையோ 2019-லிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 25 கி.மீ. வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் டிரம் பிரேக், மெல்லிய ஃபோர்க், சின்ன டயர் எல்லாமே 25-ஐ மனதில் வைத்துச் செய்தவை. அதற்குள் 45-ஐத் திணிப்பவர்கள் பிள்ளையின் காலையும் தலையையும் பணயம் வைக்கிறார்கள்.

2022-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இப்படிப் பவர் ஏற்றிய வண்டிகளைத் தேடிப் பிடிக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு கேரளத்திலும் சோதனை நடந்தது. எங்கிருந்து இத்தனை உதிரி பாகங்கள் வருகின்றனவோ அந்தச் சீனாவிலேயே புதிய தேசியத் தரவிதி, கன்ட்ரோலரையும் பேட்டரியையும் யாரும் மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது. நம் விதியில் இன்றைக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆலையிலேயே பூட்டாமல் தெருவில் தேடிப் பிடிப்பதால் இது நிற்காது என்பது என் கருத்து. பூட்டு வரும் வரை பொறுப்பு வாங்குபவர் தலையில்தான்.

சாலையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரிலிருந்து சென்னை மாநகரில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி 50 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30. 100 போகும் ஸ்கூட்டரை வாங்கினாலும் ஊருக்குள் ஓட்டப் போவது அதில் பாதிதான். தினம் 20 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருபவருக்கு 70, 80 போகும் வண்டி தாராளம். மிச்சமாகும் பணத்தைப் பெரிய பேட்டரிக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் கொடுங்கள்.

கடைக்குப் போனால் ‘எவ்வளவு போகும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மோட்டாரின் தொடர் திறன் எத்தனை, உச்சத் திறன் எத்தனை, முன்சக்கரத்தில் டிஸ்க்கா டிரம்மா, ஒப்புதல் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். சான்றிதழில் 25 என்று இருந்து, ஓட்டிப் பார்க்கையில் 40 போனால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிள்ளையிடம் ஏற்கெனவே இப்படி ஒரு வண்டி இருந்தால், சனி ஞாயிறில் ஒருமுறை நீங்களே அதை மேம்பாலத்தில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வேகம் கூட்டிய வண்டி சட்டத்தின் கண்ணில் பொம்மை வண்டி இல்லை, முழு மோட்டார் வாகனம். ஆர்.சி. இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை என்பதால், யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு உங்கள் சேமிப்பிலிருந்துதான் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, 18 வயதாகாத பிள்ளை அதை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. மெக்கானிக்கிடம் எடுத்த லாக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், கூடுதலாக வைத்த பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.